லாண்டரிக்குப் போன கூத்துத் திரை

காலை ஒன்பது இருபதுக்குத்தான் எல்லாம் கெட ஆரம்பித்தது. அன்று விடிந்ததிலிருந்து கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் அடுக்களைக்குள் போவதுமாக இருந்தேன். அதனால் அந்த நேரம் மட்டும் ஆணி அடித்த மாதிரி மனசில் நிற்கிறது.

பதினோரு மணிக்கு என் மகள் நிஷாவுக்குப் பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு. தெருக்கூத்தைப் பற்றிய ஆராய்ச்சி. எங்கள் ஊர்க் கல்லூரி அரங்கில், யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம். வெளியூரிலிருந்து தேர்வாளர் முந்தைய நாளே வந்து விடுதியில் தங்கிவிட்டார். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். கறி ஊறிக்கொண்டிருந்தது.

வாசலில் மொபெட் சத்தம். லாண்டரிக்காரர் சேகர்.

“அக்கா, பாய் குடுத்த துணி. இன்னிக்குக் காலையில வோணும்னு சொல்லியிருந்தாரு. இஸ்திரி சூடுகூட ஆறல, தொட்டுப் பாருங்க.”

பிளாஸ்டிக் உறைக்குள் சிவப்புத் துணி ஒன்று நாலாக மடிந்திருந்தது. கட்டில் விரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

“இன்னா துணிக்கா இது? என் சர்வீஸ்ல இந்த மாதிரி கறைய பாத்ததில்ல. எண்ணெ, புகை, சாயம், எல்லாம் ஒண்ணா அப்பிக்கினு இருந்துச்சு. ஒரு ஓரத்துல மஞ்சள் வேற. சோப்பு பட்டதும் ரத்தமா செவந்துடுச்சு. உடுவனா நானு? நல்லா வெயில்ல போட்டு எடுத்தேன். இப்ப ஒரு புள்ளி இருந்தா காட்டுங்க, தொழிலையே வுட்டுடறேன்.”

மஞ்சள் என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அது விரிப்பில்லை. வெள்ளிமலைப் பக்கத்துக் கூத்துக்காரர்கள் என் மகளை நம்பிக் கொடுத்தனுப்பிய திரை.

பெருமை யாருக்கு

உடனே கடைக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரர் எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி: “வந்துடுச்சா? எப்படி, பளிச்சுனு இருக்கா?”

அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் திட்ட மனசில்லாமல், அது என்ன துணி என்று மட்டும் சொன்னேன்.

கடைவீதியில் துணிக்கடை நடத்தும் குடும்பம் எங்களுடையது. அவருக்கு ஒரு பழக்கம், அவருடைய அத்தாவிடமிருந்து, அதாவது என் மாமனாரிடமிருந்து, வந்தது. நம் கையை விட்டுப் போகும் துணி எதுவானாலும் மடிப்புக் கலையாமல் போக வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய குடையைக்கூடத் துடைத்து, நாடா கட்டித்தான் திருப்பிக் கொடுப்பார். கல்யாணத்துக்கு வாங்கிய ஜமுக்காளத்தைத் துவைக்காமல் திருப்பித் தந்த ஒரு சொந்தக்காரரைப் பற்றி இன்றும் அவர் நல்லவிதமாகப் பேசுவதில்லை.

மலையிலிருந்து கூத்துக்காரர்கள் தேர்வுக்கு வருகிறார்கள் என்று நிஷா சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. பீரோவில் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த திரையைப் பார்த்திருக்கிறார். வெளியூர் ஆள் முன்னால் மகள் இந்த அழுக்குத் துணியையா விரித்துக் காட்டுவாள், கொடுத்தவர்களிடம் இப்படியேவா திருப்பித் தருவோம் என்று தோன்றியிருக்கிறது. எங்களுக்குச் சொல்லாமல் எடுத்துப் போய் சேகரிடம் கொடுத்துவிட்டார். அந்த வாரம் நிஷா கல்லூரியே கதியென்று கிடந்தாள். பீரோவைத் திறக்க அவளுக்கு நேரமில்லை. எனக்கோ சமையல் யோசனை.

மகளுடைய ஆய்வேட்டில் அவர் வாசித்தது நன்றியுரையில் தன் பெயர் வந்த வரியை மட்டும்தான். அதைக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் காட்டினார். கொஞ்சம் தள்ளி வாசித்திருந்தால், அந்தக் கறைகள்தான் ஆய்வேடு என்று தெரிந்திருக்கும்.

சாட்டின் துணியில் தொடங்கியது

நிஷா எப்படிக் கூத்துக்குள் போனாள் என்று கேட்பவர்களுக்கு நான் எங்கள் கடையைத்தான் காட்டுவேன். தியாகதுருகம் பக்கத்திலிருந்தும் மலையிலிருந்தும் கூத்துக்காரர்கள் எங்களிடம்தான் சாட்டினும் சரிகையும் எடுப்பார்கள். ராஜா வேஷத்துக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை. மற்ற வாடிக்கையாளர்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள். இவர்கள் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மகள், அந்தச் சுற்றுக்காகக் காத்திருப்பாள்.

பிளஸ் டூ முடிந்ததும் நாடகம் படிக்கப் போகிறேன் என்றாள். என் தம்பி கடைக்கு வந்து ஒரு மணி நேரம் பேசினான்.

“இன்னாத்துக்குக்கா இது? கூத்து ஆடப் போறாளா?”

“ஆடல மாமு. ஆடுறத பத்திப் படிக்கப் போறேன்.”

“அத்த படிச்சு இன்னா ஆவப்போவுது?”

“நீங்க பி.காம். படிச்சிட்டு செருப்புக் கடைதானே வெச்சிருக்கீங்க.”

தம்பி எழுந்து போய்விட்டான். என் வீட்டுக்காரர் கடைப் பையன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து சிரித்தார். அன்றே முடிவாகிவிட்டது.

புதுச்சேரியில் நாடகத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, ஊருக்கே வந்து கலைவாணி மேடத்திடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். மேடத்துக்கும் கூத்துதான் உயிர். வழிகாட்டி, மாணவி என்பதெல்லாம் பேருக்கு. இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் போய், ஒரே பாயில் உட்கார்ந்து கூத்துப் பார்த்து, காலையில் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டே சண்டை போடுவார்கள்.

பெரும்பாலும் அந்தச் சண்டை திரையைப் பற்றித்தான்.

இடப்பக்கத்துக் கை

கூத்தில் பெரிய வேஷம் வரும்போது நேராக நடந்து வராது. முதலில் இரண்டு பேர் ஒரு துணியை விரித்துப் பிடிப்பார்கள். அதற்குப் பின்னால் நின்று வேஷம் பாடும், ஆடும். மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும்தான் நமக்குத் தெரியும். பிறகு திரை விலகும்.

எல்லோரும் திரைக்குப் பின்னால் இருப்பவரைப் பார்ப்பார்கள். என் மகள் திரையைப் பிடிப்பவர்களைப் பார்த்தாள். பல இடங்களில் அவர்கள் கூத்துக்காரர்கள் இல்லை, அந்தந்த ஊர்க்காரர்கள். யார் பிடிப்பது என்பதில் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதுதான் அவள் ஆராய்ச்சி.

ஆண்கள்தான் பிடிப்பார்கள் என்றுதான் மேடமும் நினைத்திருந்தார். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரில், கூத்துச் சாமான் பெட்டியிலிருந்து எடுத்த திரையின் இடது ஓரத்தில் மட்டும் மஞ்சள் கறை இருப்பதை நிஷா பார்த்தாள். விரல் விரலாக, மஞ்சள் பூசிக் குளித்த கை பிடித்த மாதிரி. வலது ஓரத்தில் வெறும் வேர்வைக் கறுப்பு. அந்த ஊரில் அம்மன் வேஷம் வரும்போது இடப்பக்கம் பெண்கள்தான் பிடிக்கிறார்கள் என்று அங்கிருந்துதான் துப்புக் கிடைத்தது. மேடம் நம்பவில்லை. அடுத்த வருஷம் இரண்டு பேரும் திருவிழாவுக்குப் போய்க் கண்ணால் பார்த்து, படம் பிடித்து வந்தார்கள்.

திரையை இரவல் வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன். மலைப் பாதையில் பஸ் திரும்பத் திரும்ப எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போனேன். கூத்து வாத்தியார் ராமன் சாதுவான மனிதர். பெட்டிச் சாவி அவரிடம் இல்லை, அவர் மனைவி சின்னப்பொண்ணிடம் இருந்தது. என் வயசுதான் இருக்கும். சாமைச் சோறு போட்டுவிட்டு, என் மகளை எதிரில் உட்கார வைத்துக் கேட்டாள்.

“எதுக்கு இந்த அழுக்குத் துணி உனக்கு?”

“பரீட்சைக்கு வர்ற சார், நேர்ல பாக்கணும்னு சொல்லியிருக்காருக்கா.”

“வெள்ளிக்கிழம எங்களுக்குத் திருவிழா. அதுக்கு முன்னாடி பெட்டிக்கு வந்துடணும்.”

“பரீட்சை செவ்வாய்க்கிழமைதான். நீங்களே வந்து பாத்துட்டு, கையோட எடுத்துக்கினு போங்க. எப்படிக் குடுத்தீங்களோ அப்படியே இருக்கும்.”

எப்படிக் கொடுத்தீங்களோ அப்படியே. அந்த வார்த்தைக்கு நானும் சாட்சி.

இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊரை வைத்து மேடமும் நிஷாவும் சேர்ந்து அடுத்த ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தார்கள். அந்தப் பெட்டி இனி அவர்களுக்குத் திறக்காவிட்டால், அந்த வேலை அப்படியே நின்றுபோகும். பட்டம் தள்ளிப்போனால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். போன நம்பிக்கையை எங்கே போய் வாங்குவது?

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. அம்மன் வேஷத்துக்குப் பிடிக்கிற திரை, ஒரு பாய் வீட்டில் கெட்டுப்போயிற்று என்று நாலு பேர் நாலு விதமாகப் பேசினால்? இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். அரை மணிக்குள் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பொய்யாச்சே மேடம்

கல்லூரிக்குக் கிளம்பி நின்ற நிஷா அழவில்லை. அதுதான் என்னை அதிகம் உலுக்கியது. திரையை உறையிலிருந்து எடுத்து மடியில் விரித்தாள். இடது ஓரத்தை விரலால் நீவினாள். சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். எங்கள் கடையில் புதுப் பீஸ் பிரித்த மாதிரி இருந்தது.

அவள் அத்தா கதவோரம் நின்றார்.

“கேட்டிருக்கலாம் அத்தா.”

“நல்லா இருக்கட்டும்னுதாம்மா...”

“தெரியும்.”

அதற்குமேல் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. மேடத்துக்குப் போன் செய்து, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

“படம் இருக்கு, வீடியோ இருக்கு” என்றார் மேடம். “துணிய எடுத்துட்டு வராத. திருவிழாவுக்கு ஊர்க்காரங்க திரும்ப வாங்கிட்டாங்கன்னு சொல்லிடலாம்.”

“பொய்யாச்சே மேடம்.”

“ஆமா. பொய்தான். பதட்டத்துல சொல்லிட்டேன். எடுத்துட்டு வா, ரெண்டு பேருமா பதில் சொல்லுவோம்” என்றார்.

அடுத்து சின்னப்பொண்ணுக்குப் போட்டாள். மலையில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். “அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. எங்க வூட்ல திரைய தொவைச்சிட்டாங்க. கறையெல்லாம் போயிடுச்சு” என்று ஒரே மூச்சில் சொன்னாள். “இன்னாது?” என்று அந்தப் பக்கம் ஒரு சத்தம். அத்தோடு லைன் அறுந்தது. திரும்பத் திரும்பப் போட்டும் கிடைக்கவில்லை.

எழுந்து நின்றவர்

அரங்கில் முன்வரிசையில் மலைக்காரர்களுக்கென்று நாற்காலிகள் விட்டிருந்தோம். பதினோரு மணிக்கும் அவை காலியாகவே இருந்தன. நான் அந்த நாற்காலிகளையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் பேசியதில் முதல் பாதி என் காதில் ஏறவில்லை. என் வீட்டுக்காரர் கடைசி வரிசைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

நிஷா தன் பேச்சின் நடுவிலேயே துணியை மேசைமேல் விரித்தாள். வீட்டில் துவைத்துவிட்டார்கள், கறைகள் போய்விட்டன என்று நேராகச் சொன்னாள். பின்னாலிருந்த மாணவர்களிடம் ஒரு சலசலப்பு.

தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு துணிக்கு மேல் குனிந்து பார்த்தார்.

“சரிம்மா. இந்தத் துணியில இப்ப என்ன தெரியுது?”

“எங்க அத்தாவோட கைதான் சார் தெரியுது.”

அரங்கமே சிரித்தது. தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் எழுந்து நின்றுவிட்டார். “நான்தாங்க சார்” என்றார். “உக்காருங்க, உக்காருங்க” என்று தேர்வாளரும் சிரித்தார். ஆனால் கேள்வியை அவர் விடவில்லை.

“புதுத் துணி எடுத்தா மூலையில மஞ்சள் தடவுறது நம்ம பக்கம் எல்லா வீட்டுலயும் உண்டு. அந்த மஞ்சளா இருந்தா? அதை ஏன் பெண்களோட கைன்னு சொல்றீங்க?”

நான் அப்படி யோசித்ததே இல்லை. மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் நிஷாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிஷா நிதானமாகப் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். புதுத் துணிக்கு வைக்கிற மஞ்சள் மூலையில் ஒரு பொட்டாக நிற்கும், சார். இது மூலையிலிருந்து கீழே வரைக்கும், பிடிக்கிற உயரத்தில், முன்பக்கம் நாலு விரலும் பின்பக்கம் ஒரு கட்டை விரலுமாக இருந்தது. துணி புதுசாக இருந்தபோது பட்ட மஞ்சள் என்றால் எண்ணெய்ப் புகைக்கு அடியில் இருக்கும். இது புகைக்கு மேலே இருந்தது என்றாள். பிறகு வீடியோவைப் போட்டாள். சின்னப்பொண்ணு இடப்பக்கம் திரையைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் பிடித்திருந்த ஆளை “தூக்கிப் புடிய்யா, கூன் விழுந்தவனாட்டம் நிக்கிற!” என்று அதட்டினாள். மறுபடியும் சிரிப்பு.

“கறை இருந்திருந்தா என் வேலை சுலபமா முடிஞ்சிருக்கும்” என்றார் தேர்வாளர். “உங்களுக்குத்தான் இன்னிக்குக் கூடுதல் வேலை. நல்லா செஞ்சீங்க.”

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். மேடம் என் மகளைக் கட்டிக்கொண்டார். நானும் அழுதேன். ஆனால் அழுதுகொண்டே முன்வரிசையைத்தான் பார்த்தேன். யாரும் வரவில்லை.

மரவள்ளி ஏற்றிய ஜீப்

விருந்து முடிந்து தேர்வாளரை அனுப்பிவைத்தோம். பிரியாணி நன்றாக வந்திருந்தது என்றார்கள். எனக்கு ருசி தெரியவில்லை. மேடமும் நிஷாவும் மறுநாள் முதல் பஸ்ஸில் மலைக்குப் போவது, போய்த் திரையைக் கையில் கொடுத்து மன்னிப்புக் கேட்பது என்று பேசி முடித்தார்கள். என் வீட்டுக்காரர் நானும் வருகிறேன் என்றார். நிஷா அவருக்கு டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பாதி உயிர் வந்தது எனக்கு.

பிற்பகல் அசர் தொழுகைக்கு அவர் கிளம்பிய நேரத்தில் தெருவில் ஒரு ஜீப் வந்து நின்றது. மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ராமன் வாத்தியார் இறங்கினார். பின்னாலேயே சின்னப்பொண்ணு, முந்தானையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டிக்கொண்டே.

“பஸ்ஸு மலைப்பாதை வளைவுல படுத்துக்கிச்சு. அங்கியே பொழுது போயிடுச்சு” என்றார் வாத்தியார். “பரீட்சை முடிஞ்சிடுச்சா? பாசா?”

“பாஸ்தான்” என்று நிஷா சொன்ன குரல் எனக்கே கேட்கவில்லை.

சின்னப்பொண்ணு உட்காரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்தாள். “எங்க அது?” என்றாள்.

நிஷா திரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். சின்னப்பொண்ணு அதை உதறி விரித்து, ஓரத்தைப் பார்த்தாள், தையலை இழுத்துப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“யாரு செஞ்சது?”

“நான்தாம்மா” என்றார் என் வீட்டுக்காரர். தலைத்தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“பாய், உங்க கடையில பூந்து, ஒரு வார்த்த கேக்காம நான் ஒரு பீஸை எடுத்துச் சாயத்துல முக்கினா சும்மா வுடுவீங்களா?”

“வுட மாட்டேன்.”

“அப்ப நாங்க மட்டும் வுடணுமா?”

வாத்தியார் கீழே பார்த்துக்கொண்டு மீசைக்குள் சிரிப்பை அடக்கினார். சின்னப்பொண்ணு திரையைத் தாறுமாறாகச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். சேகர் போட்டுக் கொடுத்த மடிப்பெல்லாம் போயிற்று. என் வீட்டுக்காரர் அந்தச் சுருட்டலையே பார்த்தார்.

“பொண்ணு போன்ல உண்மையச் சொல்லிச்சு, அதனாலதான் பாதியில திரும்பாம வந்தேன்” என்றாள் சின்னப்பொண்ணு. அவள் கண் முதல்முறையாகச் சிரித்தது. “வெள்ளிக்கிழம சாயங்காலமே எல்லாரும் மலைக்கு வந்துடுங்க. நான் ஒரு பக்கம் புடிக்கிறேன், நீங்க ஒரு பக்கம் புடிங்க பாய். பழைய அழுக்கு ஏறுற வரைக்கும் உங்கள வூட்டுக்கு வுட மாட்டேன். சோப்பு கீப்பு ஒண்ணும் எடுத்துக்கினு வராதீங்க.”